பீல் நகரத்துக் கதவு

பீல் நகரின் றூஷ்லி வீதியில் யூதரின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. 1883இல் எழுந்த கட்டிடம். அவ்வழியால் வேலைக்கும் கடைக்கும் போய்வரும் எம்மவரில் பலருக்கு அது என்ன கட்டிடம் என்றே தெரியாது. 2021 பெப்ரவரியில் அதன் கதவில் நாசிகளின் சுவஸ்திகாவையும், 'சீக் ஹைல்' என்ற அவர்களது முழக்கத்தையும், யூதரை இழித்துரைக்கும் சொல் ஒன்றையும் யாரோ சுரண்டிக் கீறிவிட்டுப் போனார்கள். சுவிஸ் பத்திரிகைகள் அதை எழுதின. எமது வானொலிகளிலோ வீடுகளிலோ அது ஒரு பேச்சாக எழுந்ததாக நாம் அறியவில்லை. சுவஸ்திகா எமக்குக் கல்யாண அழைப்பிதழில் வரும் மங்கலக் குறி. கதவில் அதைக் கண்டு திடுக்கிட எமக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

யூதரைப் பற்றி நாம் பேசுவதில்லை என்றில்லை. பிறந்தநாள் கொண்டாட்டங்களில் நிறையவே பேசுகிறோம். "இரண்டாயிரம் வருசம் நாடில்லாமல் திரிஞ்சவங்கள், கடைசியில நாட்டைப் பிடிச்சிட்டாங்கள். நாங்களும் அப்பிடி இருக்கவேணும்" என்று ஒருவர் தொடங்குவார். இரண்டாவது கிளாஸ் முடிவதற்குள் அதே மனிதர், "உலகத்துக் காசு முழுக்க யூதன்ர கையிலதான். ஹிட்லர் சும்மாவே செய்தவன்?" என்று முடிப்பார். முதலாவது புகழ்ச்சி, இரண்டாவது பழி என்று நாம் பிரித்துக்கொள்கிறோம். எமக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. யூதர் எல்லோரும் ஓரிடத்தில் கூடித் திட்டமிட்டு ஒரே மனதாய் இயங்கும் கூட்டம் என்பதுதான் இரண்டிலும் உள்ள நம்பிக்கை.

இந்த நம்பிக்கை ஒருமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. அதுவும் தூரத்தில் அல்ல. பீலிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத்தில் வரும் பேர்ணில்.

1933 யூனில் பேர்ணில் நடந்த சுவிஸ் நாசி ஆதரவாளரின் கூட்டமொன்றில் 'சீயோன் மூப்பர்களின் கூட்டக் குறிப்புகள்' என்ற நூல் பரப்பப்பட்டது. யூதத் தலைவர்கள் இரகசியமாகக் கூடி உலகை அடிமையாக்கத் தீட்டிய திட்டமாம் அது. 1903இல் ரஷ்யப் பத்திரிகையொன்றில் முதலில் அச்சேறியது. சுவிஸ் யூதர் சங்கமும் பேர்ண் யூத சமூகமும் வழக்குத் தொடுத்தன. நூல் பொய்யென்று நிறுவுவது கடினமாக இருக்கவில்லை. பிரெஞ்சு மன்னன் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மொரிஸ் ஜோலி என்பவர் 1864இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாகத் திருடப்பட்டது அது என்பதை, லண்டன் 'த டைம்ஸ்' பத்திரிகை 1921லேயே அம்பலப்படுத்தியிருந்தது. ஜோலியின் புத்தகத்தில் யூதரைப் பற்றிய பேச்சே இல்லை.

நீதிமன்றம் நியமித்த நிபுணர் கார்ல் அல்பேர்ட் லூஸ்லி, பேர்ண் எழுத்தாளர். விடுதிகளில் வளர்ந்து, அந்த விடுதிகளின் கொடுமையைப் பின்னர் எழுதியவர். ஒதுக்கப்பட்டவனின் வலியை இன்னொரு ஒதுக்கப்பட்டவன் கண்டுகொண்டான் என்று நினைக்க எமக்கு ஆசைதான். பிரதிவாதிகளுக்காக நாசி ஜெர்மனியிலிருந்து ஒரு 'நிபுணர்' வந்தார். 1935 மே 14இல் நீதிபதி வால்ரர் மையர் அந்நூல் போலியும் திருட்டும் என்று தீர்ப்பளித்தார். இப்படியொரு அபத்தத்தின் உண்மை பொய்யை ஆராயப் புத்தியுள்ள மனிதர் பேர் இத்தனை நாட்களைச் செலவிட்டார்கள் என்பதே பின்னொரு காலத்தில் எவருக்கும் விளங்காமல் போகவேண்டும் என்று அவர் விரும்பினார். 1937இல் மேல்நீதிமன்றம் பிரதிவாதிகளை விடுவித்தது. நூல் உண்மை என்பதற்காக அல்ல, வழக்குக்குப் பயன்பட்ட பேர்ண் சட்டத்துக்குள் அது அடங்காது என்பதற்காக. ஆயினும் 'விடுதலை' என்ற சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு நாசிப் பத்திரிகைகள் கூத்தாடின. அந்த நூல் இன்றும் பல மொழிகளில் சுற்றுகிறது. அதைக் கண்ணாலும் பாராதவர்கள்கூட எமது விருந்துகளில் அதன் சாரத்தை ஒப்புவிக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் என்ற இடத்துக்கு இந்த வரலாற்றில் தனிப் பங்கு உண்டு. 1887இல் ரஷ்யப் பேரரசு யூத மாணவருக்கு விகிதம் விதித்தது: யூதர் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட பிரதேசத்தில் 10 வீதம், வெளியே 5, பீற்றர்ஸ்பேர்க்கிலும் மொஸ்கோவிலும் 3. கதவடைக்கப்பட்டவர்கள் சுவிசுக்கு வந்தார்கள். பின்னாளில் இஸ்ரேலின் முதலாவது ஜனாதிபதியான கைம் வைஸ்மன் 1899இல் ஃபிரிபேர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றார். (பேர்ண் வழக்கில் சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர்.) ரஷ்யாவிலிருந்து வந்த யூதப் பெண்ணான அன்னா துமார்க்கின் 1909இல் பேர்ணில் பேராசிரியரானார். அவரது பெயரில் ஒரு வீதி இன்றும் பல்கலைக்கழகத்தின் அருகில் இருக்கிறது. 1920இல் ஹங்கேரியும் விகிதச் சட்டம் கொண்டுவந்தது.

இதை வாசிக்கும்போது எமக்கு எமது கதை ஞாபகம் வராமல் இருக்குமா? தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்குகிறார்கள் என்ற வதந்தி முதலில் வந்தது. தரப்படுத்தல் அதன் பின்னால் வந்தது. 1970-71இல் பேராதனை பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மாணவருக்கு 227 புள்ளி, தமிழ் மாணவருக்கு 250. 'அவர்கள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டார்கள்' என்பது எந்த மொழியிலும் ஒரே வசனம்தான்.

இப்போது எமது பிள்ளைகள் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். 2023 ஒக்டோபர் 7இல் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1200 பேரைக் கொன்றது. அதன்பின் காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரம் பேர் மாண்டனர். 2024 மே மாதத்தில் லவுசானிலும் ஜெனிவாவிலும் சூரிச்சிலும் பேர்ணிலும் மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டிடங்களுக்குள் அமர்ந்து போராடினார்கள். ஓர் அரசின் போரை எதிர்ப்பது யூத வெறுப்பு அல்ல. அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆண்டு மார்ச் 2இல் சூரிச் தெருவில் 15 வயதுப் பையன் ஒருவன் வைதிக யூதர் ஒருவரைக் கத்தியால் குத்தினான். அந்த மனிதர் காசாவில் எந்த விமானத்தையும் ஓட்டியவர் அல்ல. விரிவுரை மண்டபத்து வாசலில் யூத மாணவியை மறித்து 'உன் ஆட்கள் செய்வதற்கு நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்பதும் கத்தி இல்லாத அதே காரியந்தான்.

எங்கே கோடு கீறுவது என்பதில் அறிஞர்களே சண்டையிடுகிறார்கள். சர்வதேச ஹொலோகோஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஏற்றுக்கொண்ட வரையறையை எழுதியோரில் முக்கியமானவரான கென்னத் ஸ்ரேர்ன், அதைப் பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்கும் கருவியாக்குவதை எதிர்த்தார். 2021இல் ஜெருசலேம் பிரகடனம் என்று இன்னொன்று வந்தது. இவை வேண்டியவைதான். ஆயினும் கோடு எங்கே என்று அறிய எமக்குக் கடதாசி தேவையில்லை. எம் உடம்பிலேயே அது கீறப்பட்டிருக்கிறது. 1983 யூலை 23இல் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்தவர்களும் கந்தோருக்குப் போனவர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இஸ்ரேல் மீது எமக்குக் கோபம் இருக்கிறது. காரணமும் இருக்கிறது. 1984இல் அது கொழும்பில் நலன்பேணும் பிரிவைத் திறந்தது. 1996இல் இலங்கை விமானப்படை அதனிடம் கிபிர் விமானங்களை வாங்கியது. கிபிர் என்ற சொல் தமிழுக்குள் வந்ததே குண்டோடுதான். அந்தக் கோபத்தை றூஷ்லி வீதிக் கதவுவரை இழுத்துச் செல்ல எமக்கு எந்த உரித்தும் இல்லை. இதைச் சொல்லும்போது 1990 ஒக்டோபரையும் சொல்லியாக வேண்டும். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 'அவர்களில் சிலர் காட்டிக்கொடுத்தார்கள்' என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். எம்மில் அநேகர் பேசாமல் இருந்தோம்.

அண்மையில் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. கிபிரைச் சொல்லி யூதரைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், பேர்ணில் படிக்கும் பிள்ளை கேட்டாள்: "மாமா, கிபிரை ஓட்டினது ஆர்?"

"சிறிலங்கா ஆமிதான். பிளேன்காரர்."

"வித்தது?"

"இஸ்ரேல் கவுண்மேந்து."

"அப்ப, பீலில கோயிலுக்குப் போற யூத ஆக்கள் என்ன செய்தவை?"

அவர் பதில் தேடிக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து மாமி, சோறு ஆறுது, வாங்கோ என்று கூப்பிட்டா. எல்லோரும் எழும்பினோம்.