ஆடலிற் கண்ட ஆலயம்

குடமுழுக்கு நன்னாளில் விமானக் கலசத்தின்மீது புனித நீர் சொரியப்பெறும்போது கீழே நாகசுரமும் தவிலும் முழங்குகின்றன. ஓதுவார் திருமுறை ஓதுகின்றார். வேதியர் மறை முழக்குகின்றனர். இவ்வொலிகளோடு ஒரு காலத்தில் சதங்கை ஒலியும் சேர்ந்தே இருந்தது. அவ்வொலி ஆலயத்தை விட்டு நீங்கிய காலத்தில் வாழ்ந்து, தம் ஆடலுக்குள்ளேயே ஓர் ஆலயத்தைக் கண்டவர் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார் (1918–1984). தம் கலை வாழ்வைத் திரும்பி நோக்கி அவர் கூறிய கருத்துகள், திருப்பணியில் ஈடுபட்ட அன்பர் யாவரும் அறிந்து போற்றத் தக்கவை.

கற்றளியும் கூத்தும்

தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராச சோழன், சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து ஆடல் மகளிர் 400 பேரைக் கொணர்ந்து அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் குடியேற்றினான். கல்வெட்டு இவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று குறிக்கின்றது. ஒவ்வொருவர் பெயரும், அவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எத்தெருவில் எச்சிறகில் அவருக்கு வீடு அளிக்கப்பட்டது என்பதும் அக்கல்வெட்டில் உள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நெல் 100 கலம் என வகுக்கப்பட்டது. நட்டுவம் செய்வார்க்கும், பாடுவார்க்கும், கருவி இசைப்பார்க்கும் அவ்வாறே பங்குகள் வகுக்கப்பட்டன. கோயிலுக்குக் கல்லும் செம்பும் பொன்னும் அளித்த அம்மன்னன், அதற்கு உயிர் அளிக்கும் மக்களையும் மறந்தானில்லை.

அவ்விமானத்தின் மேல்தளத்துச் சுற்றில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுள் 81 கரணங்கள் சிற்பங்களாக அமைந்துள்ளன. எஞ்சிய 27 கரணங்களுக்குரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. சிற்பியின் உளி எக்காரணத்தால் அங்கு நின்றதோ, இறைவனே அறிவான். எனினும் கல்லில் நின்றுபோன ஆடல், மனிதர் உடலில் நிற்காமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் காலத்தில் (1798–1832) தஞ்சையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர், முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். ஆடல் நிகழ்ச்சிக்கு அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என இன்று நாம் காணும் ஒழுங்கை அமைத்தவர்கள் அவர்களே. இவ்வொழுங்கின் உட்பொருளைப் பிற்காலத்தில் விளக்கியவரே பாலசரஸ்வதி அம்மையார்.

பிறந்த குடியும் பயின்ற நெறியும்

அம்மையாரின் முன்னோருள் ஒருவரான பாப்பம்மாள் தஞ்சை அரசவையில் இசையும் ஆடலும் நிகழ்த்தியவர். பாட்டியார், வீணை தனம்மாள். சென்னை சார்ச் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நிகழ்ந்த வீணை இசையைக் கேட்பதற்குப் பெரும் வித்துவான்களும் வந்து அமர்ந்திருப்பர். உரத்து ஒலிப்பதில் அவ்வீட்டார்க்கு விருப்பமில்லை. நிதானமும், இராகத்தின் நுண்மையும், பதத்தின் பொருள் உணர்ந்த பாடலுமே அவர்கள் போற்றியவை. அன்னையார் செயம்மாள் சிறந்த பாடகி. மகள் ஆடிய மேடைகளில் பின்னிருந்து பாடியவரும் அவரே.

அக்காலத்தில் ஆடல் மகளிரைச் சமூகம் நோக்கிய நோக்கு மாறிவிட்டிருந்தது. குழந்தையை ஆடலுக்கு விடுவது குறித்துச் சுற்றத்தார் தயங்கினர். அன்னையாரோ மன உறுதியுடன் இருந்தார். மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தில் ஆடற் பணி புரிந்து வந்த கௌரி அம்மாளின் அபிநயத்தைக் கண்டே குழந்தையின் உள்ளம் இக்கலையில் ஊன்றியது. தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளை ஆசிரியராக அமைந்தார். அவர் கண்டிப்பு மிக்கவர். தாளத்தில் ஓர் அணுவும் பிசகப் பொறுக்க மாட்டார். அவரிடம் பயின்ற சிறுமிக்கு 1925-ஆம் ஆண்டு, ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் ஆலயத்தில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஆலயத்தில் தொடங்கிய அவ்வாழ்வு, பின்னர் நெடுங்காலம் அரங்குகளிலேயே நடைபெற வேண்டியதாயிற்று.

மூடிய வாயில்

பெண் மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம், காலப்போக்கில் பலருடைய வாழ்வில் துன்பத்தையும் இழிவையும் விளைவித்தது. அதனை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அரும்பாடுபட்டார். 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அதற்கெனச் சட்டம் நிறைவேறியது. இளம் பெண்களைக் காத்த அச்சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. அதனைக் குறை கூறுவார் இல்லை. எனினும் அதே சட்டம் கோயிலில் ஆடல் மகளிர் ஆடுவதையும் விலக்கிற்று. சந்நிதியில் ஆடுவதையே வாழ்வாகக் கொண்டிருந்தோர் வாயிலுக்கு வெளியே நின்றனர். பாலசரஸ்வதியின் அபிநயத்துக்கு வழிகாட்டியாயிருந்த கௌரி அம்மாளும் முதுமையில் வறுமையுற்றார். அவரிடம் பயின்றோர் புகழ் பெற்றனர். அவரோ 1971-ஆம் ஆண்டு எளிய நிலையிலேயே இறைவன் திருவடி அடைந்தார்.

பாலசரஸ்வதிக்கும் அக்காலம் துன்பக் காலமே. 1938-இல் பாட்டியார் மறைந்தார். 1941-இல் ஆசிரியர் கந்தப்ப பிள்ளையும் மறைந்தார். உடல் நலிவும் அவரை வருத்திற்று. பரம்பரையாக ஆடி வந்த குடும்பத்தினர்க்கு மேடைகள் அருகிவந்தன. அந்நாளில் திருத்தணியில் முருகப்பெருமான் திருமுன், காண்பார் எவரும் இன்றித் தாம் ஆடியதை அம்மையார் பின்னாளில் எடுத்துரைத்திருக்கின்றார். அவையோ பரிசிலோ அங்கு இல்லை. தாம் எவர்க்காக இக்கலையைக் கற்றாரோ அவர் ஒருவரே கண்டால் போதும் என்னும் வேட்கை ஒன்றே இருந்தது. பின்னாளில் அவர் அடைந்த சிறப்புகள் அனைத்திலும் இந்நிகழ்ச்சியே உள்ளத்தை உருக்குவது.

இங்கே ஆகம மரபு ஒன்றை நினைத்தல் பொருந்தும். திருப்பணி தொடங்குமுன் மூலவரின் திருவருள் ஆற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்னும் சிறு கோயிலில் வைத்து வழிபடுகின்றோம். பெருங்கோயில் மூடப்பட்டிருக்கும், பூசையோ ஒரு நாளும் நிற்பதில்லை. ஆலயத்தில் ஆடல் நின்றுபோன ஆண்டுகளில் அதன் தெய்வத் தன்மை நிலைபெற்றிருந்த பாலாலயங்கள், இத்தகைய சில கலைஞர்களின் இல்லங்களே எனலாம்.

இசையே கண்முன் வருதல்

1953-ஆம் ஆண்டு சென்னை சங்கீத வித்துவ சபையில் தொடங்கப்பெற்ற நாட்டியப் பள்ளிக்கு அம்மையார் பொறுப்பேற்றார். 1955-இல் சங்கீத நாடக அகாதெமியின் விருதும், 1957-இல் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன. 1961-இல் தோக்கியோ நகரிலும், 1962-இல் அமெரிக்காவிலும், 1963-இல் எடின்பரோ விழாவிலும் ஆடி, மொழி அறியாதாரையும் வயப்படுத்தினார். 1973-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்கு வழங்கப்பெற்றது. நாட்டியக் கலைஞர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1977-இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார்.

இத்துணைப் புகழுக்கும் காரணம் யாது? பாட்டியார் வீட்டு இசையே ஆகும். பரதம் என்பது கண்ணுக்குப் புலனாகும் இசையே என்பது அம்மையாரின் உறுதியான கொள்கை. ஆடும்போதே அவர் பாடுவார். பாடலின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு, அதே சொற்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய பொருள் விரித்துச் செல்வார். அவர் உள்ளம் மிகுதியும் தோய்ந்தவை பதங்கள். க்ஷேத்திரக்ஞரின் தெலுங்குப் பதங்களும், தமிழ்ப் பதங்களும் அவர் குடும்பத்தின் பெருஞ்செல்வம். வியாசராயர் கன்னடத்தில் இயற்றிய 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்னும் பாடலோ, அவர் பெயருடனேயே இணைந்து நிற்பது. யமுனா கல்யாணி இராகத்தில் அப்பாடல் ஒலிக்க, குழந்தைக் கண்ணனை அவர் அழைக்கும்போது அவையோர் யசோதையையே காண்பர். 1976-இல் சத்தியஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த 'பாலா' என்னும் படத்தில், கடற்கரையில் அவர் அப்பாடலுக்கு ஆடும் காட்சி இடம்பெற்றுள்ளது.

அலாரிப்பு முதல் விருத்தம் வரை

1975-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் 33-ஆம் ஆண்டு விழாவிற்கு அம்மையார் தலைமை தாங்கினார். அந்நாளில் அவர் ஆற்றிய உரையே, ஒரு கலைஞர் தம் வாழ்நாள் அனுபவத்தைப் பிழிந்து தந்த சாறு. ஆடல் நிகழ்ச்சியின் முறைவைப்பு, பெருங்கோயிலின் அமைப்பை ஒத்தது என்று அவர் அதில் விளக்கினார்.

அலாரிப்பு, கோபுர வாயில். பாடலும் அபிநயமும் இன்றித் தாளத்தை மட்டுமே துணையாகக் கொண்டு உடலும் உள்ளமும் ஒருமுகப்படும் இடம் அது. அடுத்து வரும் சதிசுரத்தில் தாளத்தோடு சுரமும் சேர்கின்றது. இஃது அர்த்த மண்டபம். பின்னர்ச் சப்தம், சொல்லும் பொருளும் முதன்முதலாக நுழையும் பெரிய மண்டபம் இது. வர்ணத்தை அடையும்போது அன்பர் தெய்வத்தின் திருமுன்னர் வந்துவிடுகின்றார். தாளமும் இராகமும் பாவமும் ஒருங்கே விரிவதற்கு ஏற்ற விசாலம் அங்குண்டு.

வர்ணத்துக்குப் பின் வருவன பதங்கள். திருச்சுற்றின் ஆரவாரம் அடங்க, கருவறையின் குளிர்ந்த இருளில் அருச்சனை மொழி மட்டும் ஒலிப்பது போன்ற அமைதி அது. தில்லானாவோ, மணியும் மேளமும் முழங்கக் கர்ப்பூர தீபம் காட்டும் நேரம். அதன்பின் விருத்தம். இதுவரை புறத்தே கண்டு போற்றிய இறைவனை அன்பர் தம் நெஞ்சில் இருத்திக்கொண்டு மீளுதல் போல, தாளக் கட்டின்றி ஓர் எளிய பாட்டுக்கு அபிநயம் செய்து ஆடல் நிறைவெய்துகின்றது.

இக்காரணம் பற்றியே இம்முறையை மாற்றலாகாது என்று அம்மையார் வற்புறுத்தினார். கோபுரத்தைக் கடவாமல் கருவறைக்கு வழியில்லை அன்றோ?

பதங்களில் வரும் சிருங்காரத்தைக் குறித்துச் சிலர் கூச்சமுற்று, அதனை நீக்கிப் பக்தி மட்டும் வைத்துக்கொள்ளலாம் எனக் கருதினர். அம்மையார் இதற்கு உடன்படவில்லை. சிருங்காரம் நாட்டியத்தின் தலையாய சுவை. அதனினும் உயர்ந்த பக்தி வேறில்லை என்பது அவர் துணிபு. திருக்கோவையார் அருளிய மாணிக்கவாசகரையும், பராங்குச நாயகியாய் உருகிய நம்மாழ்வாரையும், அரங்கனையே மணாளனாய் வரித்த ஆண்டாளையும் அறிந்த தமிழர்க்கு இவ்வுண்மை புதியது அன்று. காண்பார் கண்ணில் மாசு இருப்பின், அதற்குக் கலை என் செய்யும்?

எண்ணத் தக்கது

கோயிலில் ஆட இயலாமற்போன ஒருவர், தம் ஆடலையே கோயிலாகக் கண்டார். மனக்கசப்பில் பிறந்ததன்று அக்காட்சி. நெடுநாள் வழிபாட்டில் விளைந்தது. 1984-ஆம் ஆண்டு பெப்ரவரி 9-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அன்று அரங்கில் முதல் அடி வைக்கும் சிறுமியரும் அலாரிப்பில் தொடங்கினர். இன்றும் அவ்வாறே தொடங்குகின்றனர். தாம் கோபுர வாயிலில் நிற்பதை அவர்களுள் சிலரேனும் உணர்வாராயின், அம்மையாரின் உரை பயன் பெற்றதாகும்.

திருப்பணிச் செல்வர்களும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. கோபுரம் புதுப்பொலிவு பெற்றது, கலசம் ஒளிர்கின்றது. இவ்வாயிலின் உள்ளே நாள்தோறும் நாகசுரம் வாசிப்பவர், தவில் முழக்குபவர், தேவாரம் ஓதுபவர் ஆகியோரின் இல்லத்திலும் அடுப்பு எரிய வேண்டும். 400 பேருக்கும் வீடும் நெல்லும் வகுத்து, பெயரையும் கல்லில் பொறித்துவைத்த மன்னனின் திருப்பணி ஆயிரம் ஆண்டுகளாக நின்று வழிகாட்டுகின்றது. கல்லுக்குச் செய்யும் பணியோடு கலைஞர்க்குச் செய்யும் பணியும் இணையுமாயின் அதுவே நிறைந்த குடமுழுக்கு. அதற்கு இறைவன் திருவருள் துணை நிற்பதாக.