பலகை ஏறிய பிள்ளைகள்: கோவளத்தில் அலைச்சறுக்கு பிறந்த கதை

மீனவக் குப்பத்துப் பிள்ளையின் முதல் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியதாக இருக்காது. உடைந்த கட்டுமரத்தின் துண்டோ, கழித்துப் போட்ட பழைய பலகையோ கிடைத்தால் போதும். அதை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு அலை முறிகிற இடம் வரை கையால் துழாவிப் போவான். அலை எழும்பும்போது அதோடு சேர்ந்து எழும்பி, மணலில் வந்து விழுவான். விழுந்ததும் எழுந்து மறுபடி ஓடுவான். சென்னைக்கு அருகே உள்ள கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவனும் சிறுவயதில் அப்படி மரப்பலகையில் அலை ஏறியவர்தான். அந்த விளையாட்டுக்கு ஊரில் தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை. கடல் இருந்தது, பலகை இருந்தது, பயம் இல்லை.

2004 டிசம்பர் 26 அந்தப் பயமின்மையைப் பறித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் புரண்டது. இரண்டரை மணி நேரத்துக்குள் தண்ணீர் நம் கரைக்கு வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது அதுவரை காணாத பாறைகள் வெளியே தெரிந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்வாங்கிய கடல் ஊருக்குள் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள்; நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். கோவளம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இந்தப் பக்கம் சாவு குறைவு என்றாலும் படகும் வலையும் வீடும் போயின.

படகுக்கும் வலைக்கும் கணக்கு எடுத்தார்கள், நிவாரணம் கொடுத்தார்கள். பிள்ளைகள் இழந்ததைக் கணக்கெடுக்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. சோறு போட்ட கடல் துரத்தி வந்ததைப் பார்த்த பிள்ளை அது. அதற்கு அலைச் சத்தமே அபாயச் சங்கு. தூக்கத்தில் அலறுவது, படுக்கையை நனைப்பது, அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, படித்த பாடம் மறந்துபோவது, காரணம் தெரியாத கோபம், இவையெல்லாம் பேரிடருக்குப் பின் பிள்ளைகளிடம் தோன்றுகிற அறிகுறிகள். நம் ஊர்களில் இதற்கு 'பிள்ளை பயந்துபோயிருக்கு' என்று பெயர். தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா கோயிலும் சிறிது தூர இடைவெளியில் இருக்கின்றன. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் கண்டுகொண்டதே பெரிய விஷயம். பயம் ஒரு நோவு என்பதை நம் மக்கள் என்றும் மறுத்ததில்லை.

மருத்துவம்தான் அதைத் தாமதமாக ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பிள்ளைகளை அதிகம் உடைத்தது என்று அங்கே கண்டார்கள். 1976இல் அமெரிக்காவின் சௌசில்லா ஊரில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு, ஒரு காயமும் இல்லாமல் திரும்பினார்கள். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று ஊர் நிம்மதி அடைந்தது. மனநல மருத்துவர் லெனோர் டெர் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். உடலில் காயமில்லாத அத்தனை பேரிடமும் உள்ளே காயம் இருந்தது. நடந்ததையே விளையாட்டாக மறுபடி மறுபடி ஆடினார்கள், ஆனால் அந்த விளையாட்டில் சிரிப்பு இல்லை. தமிழில் இந்தக் காயத்துக்கு நல்ல சொல் ஒன்று யாழ்ப்பாணத்தில் நிலைத்தது. உள்நாட்டுப் போருக்கு நடுவே மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் 1993இல் எழுதிய நூலின் பெயர் 'மனவடு'. காயம் ஆறினாலும் வடு இருக்கும். வடு இருந்தாலும் கை வேலை செய்யும். நோயையும் நம்பிக்கையையும் ஒரே சொல்லில் வைத்த பெயர் அது.

சுனாமிக்குப் பின் கடலோரத்துக்கு உதவி நிறைய வந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. வரைதல், பாட்டு, கதை, விளையாட்டு என்று பிள்ளைகளின் வழியிலேயே அவர்களிடம் போகச் சொன்னது. கூடவே பிழையான உதவியும் வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, பிள்ளையை உட்கார வைத்து, 'அன்றைக்கு என்ன பார்த்தாய், சொல்' என்று கிளறிவிட்டு மறுநாள் ஊர் திரும்புவது எல்லாப் பேரிடர்களிலும் நடக்கிறது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் இந்த முறையால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று 2002ஆம் ஆண்டிலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட பேரிடர்க்கால மனநல வழிகாட்டியின் பின்னால் சுனாமிக் கரைகளின் அனுபவமும் இருக்கிறது. முதலில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அதன் மேல் குடும்பம், பள்ளி, ஊரார் ஆகியோரின் துணை. அதற்கும் மேல், தேவைப்படுகிற சிலருக்கு மருத்துவம். அது சொன்ன வரிசை இதுதான்.

இலங்கையின் வடகிழக்குக் கரையில் சுனாமி நடந்து சில வாரங்களில் ஒரு முயற்சி நடந்தது. 31 பிள்ளைகள், இரண்டு குழு. ஒரு குழுவின் பிள்ளைகள், பிறந்ததிலிருந்து தங்கள் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி, நடுவே சுனாமியையும் அதற்குரிய இடத்தில் வைத்தார்கள். மற்றக் குழு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே இரண்டையும் நடத்தினார்கள். ஆளுக்கு ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் பிள்ளைகள் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டு வழியிலும் பிள்ளையின் எதிரே உட்கார்ந்தவர், அந்தக் கரையை அறிந்த, அந்தப் பிள்ளையின் மொழி பேசிய ஒருவர் என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

கடலோரப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விபத்து நடந்த சாலையை விட்டு வேறு சாலையில் போகலாம். கடலை விட்டு எங்கே போவது? வீட்டு வாசலில் கடல், அப்பாவின் வேலை கடல், தட்டில் விழும் சோறு கடல். பயந்த பிள்ளை கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. விலக விலகப் பயம் வளரும் என்பது மனநல மருத்துவத்தின் உறுதியான பாடங்களில் ஒன்று. அதற்காகப் பிள்ளையைத் தூக்கிக் கடலில் போடவும் கூடாது. முதல் நாள் மணலில் நிற்பது, அடுத்த நாள் கணுக்கால் தண்ணீர், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. பக்கத்தில் நம்பத்தகுந்த ஒரு கை. போதும் என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குப் போதும். இப்படித்தான் பயத்தை நெருங்க வேண்டும்.

மனநலத்துக்கு வழி தேடி அல்ல, அலையைத் தேடித்தான் மூர்த்தி மேகவன் மறுபடி பலகையைக் கையில் எடுத்தார். வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் உண்மையான சர்ஃப் போர்டைக் கண்டார். ஒன்றைக் கையில் வாங்கி ஏறிப் பார்த்தவருக்கு அதன்பின் இறங்க மனமில்லை. குப்பத்துப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். இருந்த போர்டை மாற்றி மாற்றி ஏறினார்கள். சென்னைத் தொழிலதிபர் அருண் வாசு துணைக்கு வர, 2012இல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி பிறந்தது. வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துக் கற்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, சர்ஃபிங் மட்டும்தான்.

இந்தப் பள்ளியின் உயிர் அந்த நிபந்தனைதான் என்று நினைக்கிறேன். மனவடு பட்ட பிள்ளை பதின்வயதுக்கு வரும்போது தூக்கத்துக்கும் மறதிக்கும் குறுக்கு வழி தேடும். பாட்டில் எளிதில் கிடைக்கும் ஊர்களில் அந்த வழி மிகக் குட்டையானது. 'குடிக்காதே' என்ற புத்திமதியை அந்த வயது கேட்காது. 'குடித்தால் நாளைக்குப் போர்டு கிடையாது' என்றால் கேட்கும், விடியற்காலையில் அலை எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியுமாதலால். பிள்ளையிடமிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமென்றால், அதைவிட நல்லது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க முடியும்.

பலகையின் மேல் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அலை வரும்போது கவனம் முழுதும் அந்த நொடியில் நிற்கிறது. நேற்றைக்கு அங்கே இடமில்லை. மூச்சும் காலும் ஒன்றாக வேலை செய்கின்றன. விழுவதுதான் முதல் பாடம், நூறு தடவை விழுந்து நூறு தடவை மேலே வந்த உடம்பு 'தண்ணீருக்குள் போனால் வெளியே வருவேன்' என்று தானே கற்றுக்கொள்கிறது. வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாத பாடம் இது. எதிரே கற்றுக்கொடுப்பவர் மாமாவோ அண்ணனோ, அதே குப்பத்துக்காரர். அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர். அவரிடம் பிள்ளை எதையும் விளக்க வேண்டியதில்லை.

கோவளத்துக்கு வெளியிலும் பலர் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிம் கொனிபேர் என்பவர் 2009இல் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். வன்முறைக்கு நடுவே வளரும் பிள்ளைகள், வகுப்பறையில் வாய் திறக்காதவர்கள், அலையில் ஏறி இறங்கியபின் பேசினார்கள். அதே குடியிருப்பு இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக்கி, 'வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற பெயரில் அதை முறையான குழந்தை மனநலத் திட்டமாக்கினார்கள். 2017இல் அதற்கு லாரியஸ் விளையாட்டு விருது கிடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் 2010இல் பொது மருத்துவத் துறையின் பணத்திலேயே மனச்சோர்வும் பதற்றமும் உள்ள இளம் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குப் பாடம் நடந்தது. இன்று அதற்கு அலைச்சறுக்குச் சிகிச்சை என்றே பெயர். கோவளம் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளாமலே அந்த வழியில் நடந்தது.

2013இல் கோவளத்தில் அலைச்சறுக்கு விழா தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து அலை ஏறினார். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி கரையில் சக்கரப் பலகை (ஸ்கேட்போர்டு) ஏறிய கதையைச் சொல்லும் 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. சுனாமி ஏறி வந்த அதே கரை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலகை மருத்துவமனை அல்ல. பல மாதங்களாகத் தூங்காத பிள்ளை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, சாவைப் பற்றிப் பேசும் பிள்ளை, பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளை, இவர்களுக்கு மருத்துவரும் மனநல ஆலோசகரும் கட்டாயம் வேண்டும். 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. 50 பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர். ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு குப்பத்திலும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098.

மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் இருப்பார். மீதி ஆறு நாளும் பிள்ளையோடு இருப்பது ஊர். கோவளத்தின் கதை சொல்வது இதைத்தான்: காயப்பட்ட பிள்ளையைத் தேற்றும் முதல் கை அதன் ஊர்க்காரர் கையாக இருக்கட்டும். கடற்கரையில் அது பலகை. உங்கள் ஊரில் கபடித் திடலாகவோ, பறையாகவோ, சிலம்பமாகவோ, நூலகமாகவோ இருக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் வருகிற ஒரு பெரியவர், மீற முடியாத ஒரு நிபந்தனை, விழுந்தால் சிரிக்காமல் தூக்கிவிடும் கூட்டம், இந்த மூன்றும் எந்த ஊரிலும் சாத்தியம்தான். பயந்த பிள்ளையிடம் 'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அது தானாக எழுந்து தண்ணீரை நோக்கி ஒரு அடி வைக்கும்போது, கூடவே ஒரு அடி வையுங்கள்.