மார்செய் துறைமுகமும் தனிமைப்படுத்தலும்

கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் எல்லைக்கு வெளியே தங்கியாக வேண்டும் என்று 1377இல் ஆணையிட்டது, அட்ரியாட்டிக் கடலோர நகரமான ரகூசா. இன்று அதன் பெயர் துப்ரோவ்னிக். வெனிஸ் 1423இல் நோயாளிகளுக்கு ஒரு தீவை ஒதுக்கியது. 1468இல், நோய் இருக்கலாம் என்று ஐயப்பட்ட கப்பல்களுக்கும் சரக்குக்கும் இன்னொரு தீவு வந்தது.

பிரான்சின் மார்செய் இந்த முறையை நுணுக்கமாக வளர்த்த துறைமுகம். கீழை நாடுகளிலிருந்து கப்பல் வந்தால், அதன் தலைவர் படகில் போய் எட்ட நின்றபடியே சுகாதார அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியாகப் புறப்பட்ட துறை கொடுத்த நலச் சான்றை இடுக்கியால் வாங்கி, வினிகரில் தோய்த்த பிறகே பிரித்துப் படிப்பார்கள். பயணிகளும் சரக்கும் நகருக்கு வடக்கே, உயர்ந்த மதில் சூழ்ந்த முகாமில் தங்குவார்கள். சந்தேகம் வலுத்தால் கப்பல் தொலைவிலுள்ள ஜார் தீவுக்குப் போக வேண்டும்.

இவ்வளவு கவனமான ஏற்பாட்டைப் பணம் உடைத்தது.

1720 மே 25 அன்று 'கிரான் சேன்த் அந்த்துவான்' என்ற கப்பல் பட்டும் பருத்தியும் ஏற்றி வந்து சேர்ந்தது. வழியிலேயே ஒரு பயணியும், மாலுமிகள் சிலரும், கப்பல் மருத்துவரும் இறந்திருந்தனர். லிவோர்னோ துறைமுகம் அதை உள்ளே விடவில்லை. சரக்கில் ஒரு பங்கு மார்செயின் முதன்மை நகராட்சியாளர் எஸ்தெலுடையது. ஜூலையில் நடக்கும் பொக்கேர் சந்தைக்கு அது போய்ச் சேர வேண்டும். ஜார் தீவில் கிடக்க வேண்டிய சரக்கு, நகருக்குப் பக்கத்து முகாமிலேயே இறங்கியது. மூட்டை சுமந்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். பயணிகளையோ மூன்று வாரம்கூட வைத்திருக்காமல், ஜூன் 14 அன்றே வெளியே விட்டுவிட்டார்கள். ஜூன் 20 அன்று நகருக்குள் முதல் சாவு விழுந்தது.

சுமார் 90,000 பேர் வாழ்ந்த நகரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்களை இழந்தது. அழுகிக் கிடந்த பிணங்களை அகற்றக் கைதிகளை இறக்க வேண்டியதாயிற்று. நோய் வடக்கே ஏறாமல் தடுக்க, 1721இல் வோக்லூஸ் மலைப்பகுதியில் சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்மதில் எழுப்பி, படைவீரர்களைக் காவல் வைத்தார்கள்.

கப்பலை 1720 செப்டம்பரில் ஜார் தீவருகே எரித்து மூழ்கடித்தனர். அதன் சிதைவை முக்குளிப்போர் 1978இல் கண்டெடுத்தார்கள். கப்பல் தலைவர் ஷத்தோ, ஷாத்தோ தீஃப் தீவுக் கோட்டையில் 1723 வரை சிறையிருந்தார். எஸ்தெலுக்குத் தண்டனை ஏதும் கிடைக்கவில்லை. பின்னர் பிரபுப் பட்டம் கிடைத்தது.