நாற்காலியும் கையெழுத்தும்

கிராமப் பஞ்சாயத்து நம்முடைய பழம்பெரும் ஜனநாயகம் என்று முழங்காத மேடை கிடையாது. எங்கள் இரணியலுக்குக் கிழக்கே இருக்கிற நாஞ்சில் நாட்டையே அதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, அரசுக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்து மன்னரையே எதிர்த்து நின்றதை வரலாற்றாசிரியர்கள் மெச்சி எழுதியிருக்கிறார்கள். நின்றது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது யார்? நிலம் வைத்திருந்த வெள்ளாளர்கள். அந்த நிலத்தை உழுது நட்டு அறுத்த பறையருக்கும் புலையருக்கும் அங்கே இடமில்லை. ஆளையே விற்கவும் ஒற்றி வைக்கவும் முடிந்த காலம் அது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். ஆகவே கிராம சுயாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் புல்லரிப்பதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அரசியல் சட்டத்தின் அலகாக எடுத்துக்கொண்டதை வரவேற்றதன் காரணம் நம் ஆட்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

எங்க பக்கத்துல ஆட்சி மன்றத்துக்குள்ள நம்ம ஆள் எப்போ காலெடுத்து வச்சான்? 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கியது. நிலவரியும் வருமானமும்தான் அதற்குத் தகுதி. நிலமே இல்லாதவனுக்கு வரி ஏது, வாக்கு ஏது? 1911 டிசம்பரில் வெங்ஙானூர் அய்யன்காளி அந்தச் சபைக்கு உறுப்பினரானார். அதுவும் நியமனம்தான், தேர்தல் அல்ல. தரிசு நிலத்தைப் பதிந்து கொடு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர், அரசாங்க வேலை கொடு என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நிலத்தைப் பதிந்து கொடுக்க வேண்டியது தாலுகா கச்சேரி. இரணியலும் ஒரு காலத்தில் தாலுகாவாக இருந்த ஊர்தான். கோயில் நிர்வாகமும் வருவாய்த் துறையும் ஒன்றாகக் கிடந்ததால், 1922இல் தேவசம் தனியாகப் பிரியும்வரை அவர்ணர்களுக்கு அந்தத் துறையில் வேலை கிடையாது. சபையில் பேசலாம்; பேசியதை நிறைவேற்றுகிற பேனா வேறு ஆளின் கையில். இந்த ஏற்பாட்டைத்தான் எண்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தோம்.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன்படி தலைவர் பதவி நமக்கும் ஒதுக்கப்பட்டது. ஊராட்சி என்றால் என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குளத்து மீன் ஏலம், புளியமரக் குத்தகை, குடிதண்ணிக் குழாய், தெருவிளக்கு, ரோட்டு காண்ட்ராக்ட். யார் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. இதே சட்டம் இன்னொன்றையும் வைத்தது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. தனித்தொகுதியானால் நாற்காலி சேரிக்கு. இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் ஊருக்கு.

மதுரை மாவட்டம் மேலவளவை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊராட்சி 1996இல் தனித்தொகுதியானது. அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் மிரட்டலால் நடக்கவில்லை. வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. டிசம்பர் 28இல் வாக்குச்சாவடியே சூறையாடப்பட்டது. டிசம்பர் 31இல் பலத்த காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். துணைத்தலைவர் மூக்கன். இரண்டு கையெழுத்தும் தலித்துகளுடையது. தலைவரை ஊராட்சி அலுவலகத்துக்குள் விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டுக் கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது வழிமறித்து வெட்டினார்கள். முருகேசனின் தலையை அறுத்தெடுத்துக் கிணற்றில் போட்டார்கள். மூக்கன் உட்பட அன்று செத்தவர்கள் ஆறு பேர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. 2008இல் 3 பேரும் 2019இல் 13 பேரும் முன்கூட்டியே வெளியே விடப்பட்டார்கள்.

முருகேசன் செய்த குற்றம் தேர்தலில் ஜெயித்தது மட்டுமல்ல. ஜெயித்தபிறகு அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கப் போனார். தலையாட்டும் தலைவராக இருந்திருந்தால் உயிரோடு விட்டிருப்பார்களோ என்னவோ. அப்படித் தலையாட்ட ஆள் வைக்கிற வித்தையும் நடந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் பத்து ஆண்டுகள் பொம்மை வேட்பாளரை நிறுத்தி, ஜெயித்தவுடன் ராஜினாமாக் கடிதம் வாங்கினார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

அதோடு முடிந்ததா? திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில் 2006இல் தலைவரான அருந்ததியப் பெண் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் தப்பினார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர் துணைத்தலைவர். நாற்காலி கொடுக்கும் சட்டம் அதில் உட்கார விடுமா என்பது வேறு கேள்வி.

எங்க மாவட்டத்துல இப்படி வெட்டுக்குத்து இல்லையே என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். நான் போன கிராமசபைகளில் கண்டதைச் சொல்கிறேன். முதலில் வருகைப் புத்தகம் வரும். "கையெழுத்துப் போட்டுட்டு இருங்க, பிறகு பேசலாம்" என்பார்கள். நம் காலனிப் பெண்கள் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படும். கத்தி இல்லாமலே கையெழுத்தைப் பறிக்கிற முறை இது. ஒருமுறை ஒரு அக்கா மட்டும், "தீர்மானத்தை வாசியும், பிறகு போடுதேன்" என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வாசித்தார்கள். காலனிக் குடிதண்ணீர் வேலை அதில் இல்லை. அன்றைக்கு எழுதிச் சேர்த்தார்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. 2016க்கும் 2019க்கும் இடையிலும் இதே கதிதான். தேர்தல் இல்லாத காலத்தில் நாற்காலியும் இல்லை. ஆகவே நம் கோரிக்கை நாற்காலியோடு நிற்கக் கூடாது. தனித்தொகுதியில் துணைத்தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வேண்டும். வரவுசெலவை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து என்று ஒவ்வொரு காலனியும் முடிவெடுக்க வேண்டும். மேலவளவில் ஆறு பேர் செத்தது பெயர்ப்பலகையில் ஒரு பெயர் எழுதுவதற்காக அல்ல.