இளநிலை மாணவர் ஆய்வு, திருப்பூர் வட்டாரம்

பட்டப்படிப்பில் உள்ள மாணவர், ஆசிரியர் ஒருவரின் நெறிகாட்டலில், விடை முன்பே எழுதிவைக்கப்படாத கேள்வி ஒன்றை எடுத்து, தரவு திரட்டி, முடிவு கண்டு, அறிக்கையாக எழுதும் பணி இளநிலை மாணவர் ஆய்வு எனப்படும். கல்லூரி வழக்கில் ஆசிரியர் ‘கைடு’, பணி ‘புராஜெக்ட்’, இறுதியில் நடக்கும் வாய்மொழித் தேர்வு ‘வைவா’. திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி ஆகிய ஊர்களையும் அருகிலுள்ள கோயம்புத்தூர்க் கல்லூரிகளையும் உள்ளடக்கிய பின்னலாடை வட்டாரத்தில் ஆய்வுக்களம் கல்லூரி வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. இவ்வளவு வாய்ப்பான களம் தமிழ்நாட்டில் வேறு மாணவர்க்கு எளிதில் அமைவதில்லை.

தோற்றம்

தமிழ்நாட்டில் இம்மரபைத் தொடங்கிவைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற இவர், 1916 இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். நிலம் யார் கையில், குத்தகை எவ்வளவு, கூலி என்ன, கடன் யாரிடம் என்பன போன்றவற்றை மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதினர். அவ்விவரங்கள் 1918 இல் ‘சம் சவுத் இண்டியன் வில்லேஜஸ்’ என்னும் நூலாக வெளிவந்தன. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டின் தூசி ஆகியவை பொருளியலில் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்று நிலைத்த பெயர் பெற்றன. இவற்றைப் பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்து 1940 இல் நூல் வெளியிட்டனர். இருவேல்பட்டில் 2008 இலும் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஒரே ஊரில் வைத்து அளக்க முடிவதற்கு அடிப்படை, மாணவர் சிலர் எழுதிவைத்த குறிப்புகளே. மாணவர் ஆய்வைப் பயிற்சி என்ற அளவில் ஒதுக்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். இந்த ஐந்தில் கொங்கு நாட்டு ஊர் ஒன்றும் இல்லாதது பேரிழப்பு.

அறிவியலில் முன்னோடி சு. சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் மாணவராக இருந்தபோதே 1928 இல் ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டு சென்னை வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டைச் சந்தித்து, புதிய குவாண்டம் புள்ளியியலை அவர்வழி அறிந்துகொண்டார். கேம்பிரிட்ஜின் ஆர்.எச். ஃபௌலருடன் கடிதத் தொடர்பு கொண்டார். அதன் பயனாக 1929 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை ஏட்டில் அவர் கட்டுரை இடம்பெற்றது. நெறிகாட்டுபவர் கடல் கடந்து இருந்தாலும் போதும் என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவில் மாணவர் ஆய்வை நிலையான கல்வித் திட்டமாக்கியது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கு அத்திட்டத்தை 1969 இல் மார்கரெட் மெக்விக்கர் தொடங்கினார்.

திருப்பூரில் வளர்ச்சி

1925 இல் பனியன் உற்பத்தி தொடங்கிய திருப்பூரை நீண்ட காலம் வெளியாரே ஆராய்ந்தனர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994 இல் எழுதிய ஆய்வறிக்கையும், ஷரத் சாரி 2004 இல் வெளியிட்ட ‘ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்’ நூலும் அவற்றுள் முதன்மையானவை. உள்ளூரில், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் 1997 இல் முதலிபாளையத்தில் உருவான நிஃப்ட்–டீ பின்னலாடைக் கல்லூரி, கம்பெனிக்குள் சென்று பயிலும் முறையை வலுப்படுத்தியது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் (1951), தென்னிந்தியப் பஞ்சாலை ஆராய்ச்சிச் சங்கமான ‘சிட்ரா’வும் (1956) அதற்கு முன்பே இருந்தன.

துணியியல் மாணவர் பெரிதும் எடுப்பவை துணியின் குணங்களைப் பற்றிய கேள்விகள். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டி எடுத்து, அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவு) கிடைக்கும். துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அடுத்தது. ஒற்றைப்புரி நூலின் முறுக்கு விசை எஞ்சி நிற்பதால் சிங்கிள் ஜெர்சித் துணியின் கண்ணிகள் சாய்கின்றன. துவைத்த பிறகு பனியனின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிவிடுகிறது. ‘ஸ்பைராலிட்டி’ எனப்படும் இக்குறையை நூல் முறுக்கு, கண்ணி நீளம், காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே அழுத்திச் சுருக்கும் முறை) ஆகியவற்றை மாற்றிப் பார்த்து மாணவர் ஆராய்கின்றனர். கருவி எளியது, செலவு குறைவு, முடிவு மறுநாளே கம்பெனிக்குப் பயன்படக்கூடியது. முதல் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் அரிது.

வேதியியலாருக்குரிய களம் சாயப்பட்டறை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டது இவ்வாறே. சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபின், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத முறை கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. கிணற்று நீரின் உப்பளவு, முருங்கை விதையால் கழிவைத் தெளியவைத்தல், இயற்கைச் சாயம் முதலியன கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியவை. விலங்கியல், தாவரவியல் மாணவர்க்கு நஞ்சராயன் குளம் உண்டு. அது 2024 இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

வணிகவியலிலும் பொருளியலிலும் நூறு பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கிச் சதவீதம் போடும் முறையே மிகுதி. ஆயினும் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவற்றுக்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரியது. பீஸ் ரேட்டும் ஓவர்டைமும் வீட்டுப் பேச்சாகவே கேட்டு வளர்ந்த மாணவருக்குக் கட்டிங் மாஸ்டர், டெய்லர், கைமடி, செக்கிங் என்னும் சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் தொழிலாளர் சொல்லத் தயங்குவதை இவர்களிடம் சொல்வர். ஒடிசா, பீகார்த் தொழிலாளரின் மொழி, உணவு, பிள்ளைகளின் பள்ளி பற்றி மொழித்துறையும் சமூகவியலும் செய்ய வேண்டிய பணி ஏராளம்.

இன்றைய நிலை

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளின் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி வழங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் ஆய்வுடன் கூடிய நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தை வகுத்தது. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. அறிக்கைகள் பெரும்பாலும் பைண்டு செய்யப்பட்டுத் துறை அலமாரியில் வைக்கப்படுகின்றன.