வழக்கமாக நடந்ததைச் சொல்லும் காலம்: ஸ்பானிய மொழியின் நிறைவுறா இறந்தகாலம்

"யுத்தத்துக்கு முன்னம் வாப்பா விடியவே வயலுக்குப் போவார். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாடியிலேயே படுப்பார்." அக்கரைப்பற்றில் நாங்கள் பழைய நாட்களை இப்படித்தான் சொல்வோம். 'போவார்', 'படுப்பார்' என்பன வடிவத்தில் எதிர்காலம். பொருளில் முன்பு வழக்கமாக நடந்தவை. ஸ்பானிய மொழியில் இதற்கென்றே தனி வினைவடிவம் உண்டு. அதை நிறைவுறா இறந்தகாலம் எனலாம்.

வடிவங்கள்

'ஆர்' என்று முடியும் வினைக்கு 'ஆப்லார்' (பேசு) எடுத்துக்காட்டு:

நான் – ஆப்லாபா
நீ – ஆப்லாபாஸ்
அவர் – ஆப்லாபா
நாங்கள் – ஆப்லாபாமோஸ்
நீங்கள் (பன்மை, ஸ்பெயினில்) – ஆப்லாபைஸ்
அவர்கள் – ஆப்லாபான்

'ஏர்', 'ஈர்' என முடிபவை இரண்டுக்கும் விகுதி ஒன்றே. 'பிபீர்' (வாழ்) என்பது பிபீயா, பிபீயாஸ், பிபீயா, பிபீயாமோஸ், பிபீயைஸ், பிபீயான் என வரும்.

'நான்', 'அவர்' இரண்டுக்கும் வடிவம் ஒன்றாக இருப்பதால், குழப்பம் வருமிடத்தில் 'யோ' (நான்), 'எல்' (அவன்), 'எயா' (அவள்) என்று எழுவாயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதிக்கு அடங்காத வினைகள் மூன்றுதான்: செர் (இரு), ஈர் (போ), பேர் (பார்). அவற்றின் வடிவங்கள் முறையே எரா, ஈபா, பேயீயா.

எப்போது பயன்படுத்துவது?

வழக்கமாகச் செய்தது, நடந்துகொண்டிருந்தது, அன்றைய நிலைமை, வயது, நேரம் ஆகியவற்றுக்கு இந்தக் காலம். ஒருமுறை நடந்து முடிந்ததற்கு வேறு இறந்தகாலம். "அக்கரைப்பற்றில் வாழ்ந்துவந்தோம்" என்பதற்கு பிபீயாமோஸ். "1990இல் வெளியேறினோம்" என்பதற்கு சலீமோஸ். முதலாவது நீடித்த வாழ்க்கை, இரண்டாவது அதை முறித்த சம்பவம். பிரெஞ்சு மொழியிலும் இதே பிரிவு இருப்பதால், பிரான்ஸில் உள்ள நம் உறவுகளுக்கு இது புதிதல்ல.

நமக்கு ஏன் முக்கியம்?

புகலிட நேர்காணலில் ஒருவர் "இராணுவம் வீட்டுக்கு வரும், விசாரிக்கும்" என்கிறார். மாதக்கணக்காக நடந்ததையே அவர் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை எதிர்காலமாகக் கொண்டால், நடந்த கொடுமை வெறும் அச்சமாகப் பதிவாகும். "வந்தது" என்று மாற்றினால், பலமுறை நடந்தது ஒருமுறையாகச் சுருங்கும்.

ஆகவே வாக்குமூலத்தில் "அந்த வருடங்களில்", "வாரத்துக்கு இரண்டு தடவை", "வழக்கமாக" போன்ற சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்தில் வந்ததைத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை தடவை நடந்தது, எவ்வளவு காலம் நீடித்தது என்பவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.