பெயரில்லாப் பட்டியலில் தொலைந்த பாட்டன்மார்
அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்ப வரலாற்றுத் தேடல்

"உங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் என்ன?" என்று கேட்டால் பலருக்கு உடனே பதில் வராது. மறந்து போயிருக்கும். ஆனால், அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் கதை வேறு. அங்கே பாட்டன் பெயர் அரசாங்க ஏட்டில் எழுதப்படவே இல்லை.

1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். பெயர் இருக்காது. 1865ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஏறக்குறைய 40 லட்சம் பேர் விடுதலை பெற்றனர். அடுத்து வந்த 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் முதன் முறையாகப் பெயரோடு பதிவாயினர். அதற்கு முந்திய காலத்தைத் தேடுவோர் அந்த ஆண்டில் வந்து முட்டி நிற்கிறார்கள். அதனால்தான் அதனை "1870 சுவர்" என்கிறார்கள்.

அந்தச் சுவரைத் தாண்ட ஒரு வழி உண்டு. அது கசப்பான வழி. தன் பாட்டனைக் கண்டுபிடிக்க, அவரை விலைக்கு வாங்கியவர் யார் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முதலாளியின் உயில், விற்பனைப் பத்திரம், சொத்துக் கணக்கு ஆகியவற்றைப் புரட்ட வேண்டும். மாடு, குதிரை, கலப்பை என்று போகும் வரிகளுக்கு நடுவே ஒரு மனிதரின் பெயரும் அவருடைய விலையும் எழுதப்பட்டிருக்கும்.

இந்தத் தேடலை உலகறியச் செய்தது தொலைக்காட்சி. அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதிய 'ரூட்ஸ்' நூல் 1977இல் தொடராக ஒளிபரப்பாகி அமெரிக்காவையே உலுக்கியது. ஹேலி காட்டிய வம்சாவளியின் சில பகுதிகளை ஆய்வாளர்கள் பின்னர் மறுத்தனர். இருந்தும், அந்தத் தொடரைப் பார்த்த பிறகு எத்தனையோ குடும்பங்கள் பழைய ஏடுகளைத் தேடிப் புறப்பட்டன.

பத்திரிகையில் தேடிய தாய்மார்கள்

உண்மையில் இத்தேடல் விடுதலை கிடைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெளிவந்த ஒரு கிறிஸ்துவப் பத்திரிகை, 1879 முதல் "தொலைந்த நண்பர்கள்" என்ற பகுதியை வெளியிட்டது. விற்கப்பட்ட பிள்ளையைத் தாய் தேடினாள். பிரிக்கப்பட்ட அண்ணனைத் தம்பி தேடினான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் போதகர்கள் அதைத் தேவாலயங்களில் உரக்க வாசித்தார்கள்.

கல்லூரியின் கடனுக்கு விலையான 272 பேர்

வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் புகழ்பெற்றது. 1838ஆம் ஆண்டு அது கடனில் தத்தளித்தது. அதனை நடத்திய இயேசு சபையினர், மேரிலாந்துத் தோட்டங்களில் இருந்த தங்கள் அடிமைகள் 272 பேரை லூசியானா முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். அப்பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைத்தது.

ஆனால், அந்த விற்பனைத் தாளில் பெயர்கள் இருந்தன. அவர்கள் கத்தோலிக்கர்களாக இருந்ததால், லூசியானாவிலும் அவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை தேவாலய ஏடுகளில் பதிவாகியிருந்தன. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சிறுவனாக விற்கப்பட்ட கொர்னீலியஸ் ஹாக்கின்ஸின் கல்லறையை மேரிங்குவின் என்ற சிற்றூரில் அடையாளம் கண்டனர். அவருடைய வம்சத்தில் வந்த மாக்சின் கிரம்ப், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராகப் பணியாற்றியவர். ஊரார் செய்தியை வாசித்தவர், தன் குடும்பத்தின் செய்தியை 2016இல்தான் அறிந்தார். இன்று ஆயிரக்கணக்கான வாரிசுகள் கண்டறியப்பட்டுள்ளனர்.

2017இல் பல்கலைக்கழகம் வாரிசுகளை அழைத்து மன்னிப்புக் கேட்டது. விற்பனையை நடத்திய பாதிரியாரின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்திற்கு, விற்பனைத் தாளில் முதலாவதாக எழுதப்பட்ட ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது. விலைப்பட்டியலில் இருந்த பெயர் இன்று கட்டட வாசலில் இருக்கிறது. மன்னிப்பால் மட்டும் பழைய அநீதி தீர்ந்துவிடாது என்பவர்களும் வாரிசுகளிடையே உண்டு. அந்த வாதமும் நியாயமானதே. ஆனால், யாருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று பெயர் சொல்லத் தெரிந்தால்தானே நியாயம் கேட்கவே முடியும்?

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கொண்டு செல்லப்பட்டனர். தமிழர்களும் அதில் கப்பலேறினார்கள். அது அடிமை முறையல்ல; ஆயினும் அந்தத் தலைமுறையின் கதையும் பாட்டிமார்களின் நினைவில்தான் தங்கியது. கறுப்பினப் பிள்ளைகள் ஒரு பெயருக்காகப் பல்லாண்டு ஏடு புரட்டுகிறார்கள். வீட்டில் பாட்டி இருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும்.